தண்ணீர்த் தட்டில் வைத்த கேக்

சின்னம்மாவின் கேக் தகரம் எப்போதும் ஒரு தண்ணீர்த் தட்டின் நடுவில்தான் இருக்கும். எறும்பு ஏறக்கூடாது என்று அப்படி வைப்பார். ஆனாலும் எறும்புகள் வந்துகொண்டேயிருக்கும். குசினிச் சுவரால் இறங்கி, மேசைக் காலால் ஏறி, தட்டின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் போகும். ஒன்றிரண்டு துணிந்து இறங்கித் தண்ணீரில் மிதக்கும். அதே எறும்புகளை ஒருநாள் காலையில் கிணற்றடிக்குப் பின்னால் வேலியோரத்திலும் கண்டேன். சித்தப்பா ஒதுங்குகிற இடம் அது. அங்கே கேக்கும் இல்லை, தகரமும் இல்லை. செம்மண்ணில் ஊறிக் காய்ந்த ஓர் ஈரத் தடத்தைச் சுற்றி அவை மொய்த்துக் கிடந்தன. எனக்கு அப்போது இருபது வயது. பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் பல் தீட்டப் போய்விட்டேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு சாவகச்சேரியில். யாழ்ப்பாணப் பட்டணத்தில் தட்டெழுத்து வகுப்புக்குப் போக வசதியாக இருக்கும் என்று அம்மா என்னைக் கோப்பாயில் தன் தங்கை வீட்டில் விட்டிருந்தார். சித்தப்பா தோட்டக்காரர். புகையிலையும் வெங்காயமும் வைப்பார். செருப்பென்ற ஒன்றை அவர் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும்தான் எடுப்பார். தோட்டத்தில் செருப்போடு நடப்பவனை ஓர் ஆளாகவே மதிக்கமாட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே நான் அங்கே வாழ்ந்த இரண்டு வருடமும் செல்லத்துக்குக் குறைவிருக்கவில்லை.

சின்னம்மா சிறுவயதில் ஒரு கொன்வென்ற் விடுதியில் இருந்து படித்தவர். கேக் போட அங்கேதான் பழகினார். பிறகு சைவம் தவறாத அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, முட்டை வாசலோடு நின்றுவிட்டது. சின்னம்மா விடவில்லை. முட்டைக்குப் பதில் கனிந்த கதலிப் பழத்தைப் பிசைந்து, அப்பச்சோடாவில் தேசிக்காய்ப் புளி விட்டு நுரைக்க வைத்தார். சித்தப்பாவுக்குச் சலரோகம், நீரிழிவு என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். சீனியை விடு, பட்டரை விடு, பாலைக் குறை என்றார்கள். பட்டர் போய் நல்லெண்ணெய் வந்தது. பால் போய்த் தேங்காய்ப்பால் வந்தது. கோதுமை மாவுக்கு வரிசையில் நின்ற காலம், ஆகவே குரக்கன் மா வந்தது. கடைசியாகச் சீனியின் இடத்தில் பதநீர் காய்ச்சிச் செய்த பனங்கட்டி வந்தது. ஒரு கேக்குக்கு, ஓலையில் பொதிந்த ஆறு குட்டான். ஓலையைப் பிரித்து, கல்லில் தட்டி உடைத்து, தேங்காய்ப்பாலில் கரைத்து வடித்து ஊற்றுவார். பழைய கேக்கில் மிஞ்சி நின்றது கொக்கோத் தூள் ஒன்றுதான். கொழும்பிலிருந்த பழைய சிநேகிதி ஒருத்தி அனுப்பிய பேணியை அரிசிப் பெட்டிக்குள் புதைத்து வைத்து, கரண்டி நுனியால் கிள்ளிக் கிள்ளி எடுப்பார்.

கேக் சுடப் போறணை கிடையாது. பெரிய சருவச்சட்டியின் அடியில் மணல் பரப்பி, அதன் மேல் தகரத்தை வைத்து, மூடி, மூடியின் மேலும் சிரட்டைத் தணலைக் கொட்டுவார். முற்றத்து அடுப்படியில் அரைமணி நேரம் குந்தியிருந்து விசிறுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் இது நடக்கும். கறுப்பாக, ஈரப் பதமாக, நாவில் ஒட்டுகிற அந்தக் கேக்கைப் போல ஒன்றை நான் பிறகு எங்கும் தின்னவில்லை. அயல் பெண்கள் செய்முறை கேட்டு வருவார்கள். அவர்களுக்குச் சின்னம்மா சொல்வது ஒன்றேதான்.

"முட்டையில்லை, பாலில்லை, பட்டரில்லை, சீனி ஒரு சொட்டும் இல்லை. வருத்தக்காரனுக்கு இதைவிட வேறை என்ன வேணும்? பனங்கட்டி மருந்தெல்லே!"

எங்கள் பக்கத்தில் அதை யாரும் மறுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். பனையிலிருந்து வந்தது உடம்புக்குக் கெடுதல் செய்யாது, அது குளிர்மை, சீனிதான் ஆலையில் எதையோ போட்டு வெளுக்க வைத்த நஞ்சு. இப்படித்தான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். சின்னம்மா தன் கையால் தேநீரிலிருந்து சீனியை ஒழித்தவர். கடித்துக் குடிக்கப் பனங்கட்டித் துண்டு வைத்தவர். சித்தப்பாவுக்கோ இனிப்பென்றால் உயிர். வியாழக்கிழமையே குட்டான்களை எண்ணிப் பார்ப்பார். மனிதர் மெலிந்துகொண்டு வந்தார். இரவில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். சின்னம்மா கேக்கைப் பெரிதாக வெட்டினார்.

அந்த மார்கழியில் சித்தப்பாவோடு கிளினிக்குக்குத் துணையாகப் போனேன். டாக்குத்தர் ரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவர், பனங்கட்டி என்றதும் பேனையை வைத்துவிட்டார்.

"ஐயா, உங்கடை ரத்தத்துக்குப் பனங்கட்டியும் சீனியும் ஒண்டுதான். இப்பிடியே போனால் முதலிலை கால் விறைக்கும். பிறகு கால் இராது."

திரும்பும்போது பஸ்ஸில் சித்தப்பா யன்னலோரம் இருந்தார். கோப்பாயில் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியதும் நின்றார்.

"பிள்ளை, உதைச் சின்னம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

"ஏன் சித்தப்பா?"

"இவ்வளவு நாளும் தான் என்ன குடுத்தவள் எண்டு தெரிஞ்சால் அவள் தாங்கமாட்டாள். நானே கொஞ்சம் கொஞ்சமா நிப்பாட்டுறன். பொங்கல் போகட்டும்."

நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது. அன்றைக்கு அவர் சொன்னது பெருந்தன்மை என்று நினைத்தேன். மனைவி மேல் அவருக்கிருந்த அன்புதானா அது, அல்லது தன் இனிப்பு நாக்கைக் காக்க அவர் போட்ட வேலியா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பொங்கல் போனது. சித்திரை வருசம் போகட்டும் என்றார். வெள்ளிக்கிழமைகளில் அவர் தட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். "ஒரு துண்டுதானே" என்பார், யாருக்கோ சொல்வதுபோல. ஒருநாள் சொல்லியே விடுவது என்று குசினிக்குள் போனேன். சின்னம்மா திரும்பிப் பார்த்து, மா குழைத்த சட்டியை என் கையில் தந்து, "வழிச்சு நக்கு, உனக்கெண்டுதான் கொஞ்சம் விட்டனான்" என்றார். நான் நக்கினேன். வேலியோரத்தில் எறும்புகள் கூடிக்கொண்டே போயின. சித்தப்பாவின் சிறுநீரில் போகிற இனிப்புக்குத்தான் அவை வருகின்றன என்று இப்போது எனக்கு விளங்கியிருந்தது. அதனால் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

அது வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணியிருக்கும். சின்னம்மா மூடியைச் சற்றே தூக்கி, ஈர்க்கால் குத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு அஞ்சு நிமிசம்" என்று மூடினார். தணலில் ஒன்றிரண்டு உருண்டு விழுந்ததை நானும் கண்டேன், பெரிதாக எடுக்கவில்லை. தோட்டத்தால் வந்த சித்தப்பா கால் கழுவிக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றார். வெங்காயம் இந்தமுறை நல்ல விலை போகும் என்று சொல்லத் தொடங்கினார். கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ கருகிய மணம் வந்தது.

"ஐயோ, அடிபிடிச்சிட்டுது!" சின்னம்மா பதறி மூடியை எடுத்தார். கேக் உப்பி, பளபளவென்று, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. மணம் மட்டும் போகவில்லை. அது இனிப்பு மணம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கீழே பார்த்தேன். சித்தப்பாவின் வலது பாதத்தின் அடியிலிருந்து மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவர் தணலை மிதித்தபடி நின்று வெங்காய விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். காலைத் தூக்கினார். கரித்துண்டு பாதத்தில் ஒட்டியிருந்தது. அதைக் கையால் தட்டிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். மாதக் கணக்காக என் முகத்தைத் தவிர்த்து வந்தவர் அன்றைக்குத்தான் நேரே பார்த்தார்.

"நோகேல்லை," என்றார்.

"நோகேல்லையே? அப்பாடா, நல்லகாலம்," என்று சின்னம்மா நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். காலடி தடித்த தோட்டக்காரன், தணலும் சுடாது என்று பகிடி வேறு பண்ணினார். தேங்காயெண்ணெய் பூசிவிட்டார். அதன்பிறகு மூன்று பேரும் கேக் சாப்பிட்டோம். எனக்கு நினைக்கவே உடம்பு கூசுகிற விசயம் இது. சாப்பிட்டோம்.

புண் ஆறவில்லை. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை, சின்னம்மா அந்தத் தகரத்தைத் துணியில் கட்டி வார்டுக்குக் கொண்டு வந்துவிட்டார். பக்கத்துக் கட்டிலுக்கும் கொடுக்க வேணும் என்று பெரிதாகச் செய்திருந்தார். அவர் துண்டு வெட்டிக்கொண்டு நிற்கையில் கிளினிக் டாக்குத்தர் வந்தார். அது என்ன என்று கேட்டார். சின்னம்மா வழக்கம்போலப் பெருமையாகத் தொடங்கினார், முட்டையில்லை, பாலில்லை என்று. டாக்குத்தர் கேட்டு முடித்துவிட்டுச் சித்தப்பாவின் பக்கம் திரும்பினார்.

"மார்கழியிலேயே சொன்னனான்தானே ஐயா, பனங்கட்டி வேண்டாமெண்டு."

சின்னம்மா கத்தியை வைத்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீயெல்லோ கூடப் போனனி. உனக்குத் தெரியுமோ?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் கட்டிலிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "அவள் வெளியிலை வாங்கிலை இருந்தவள். அவளுக்கு ஒண்டும் தெரியாது."

அந்தப் பொய்யை நான் அப்படியே நிற்க விட்டேன். சின்னம்மா தகரத்தை எடுத்துக்கொண்டு விறாந்தைக் குழாயடிக்குப் போனார். தண்ணீரைத் திறந்துவிட்டு, கேக்கை விரல்களால் பிய்த்துப் பிய்த்து வடிகானுக்குள் விட்டார். கடைசித் துணுக்கும் போனபிறகும் தகரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

சித்தப்பா ஊன்றுகோலோடு இன்னும் இரண்டு வருடம் இருந்தார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். வேலிப் பொட்டுக்குள்ளால் மற்றவன் தண்ணீர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போய் எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்த அன்று சின்னம்மாவும் நானும் குசினியில் தனியே இருந்தோம். "என்ரை கையாலைதான் குடுத்தன், பிள்ளை. கிழமை தவறாமல் குடுத்தன்," என்றார். அழவில்லை, கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியும் சின்னம்மா, நானும் சொல்லாமல் விட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பாரத்தில் பாதி என் தலைக்கு வந்திருக்கும். சொல்லவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவரும் போய்விட்டார். முழுப் பாரத்தையும் தானே கொண்டு போனார்.

போன மாதம் என் மகள் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் இப்போது முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. உயிர்களுக்குத் துன்பம் கூடாது, உடம்புக்கும் நல்லது என்கிறாள். ஒரு பின்னேரம் மின்சார அடுப்பில் கேக் போட்டாள். கறுப்பாக, ஈரப் பதமாக, வீடு முழுக்க அந்த மணம். ஒரு பெரிய துண்டைத் தட்டில் வைத்துக் கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"பயப்பிடாமல் சாப்பிடுங்கோ அம்மா. முட்டையில்லை, பாலில்லை, சீனி ஒரு சொட்டும் இல்லை. பனங்கட்டிதான்."

"பனங்கட்டியும் சீனிதான், மகள்," என்றேன். அவளுடைய வயதைவிடப் பழைய வசனம் அது.

"அது தெரியும் அம்மா. உங்களுக்கென்ன, சலரோக வருத்தமே? ஒரு துண்டுதானே."

என் சலரோகக் கிளினிக் அட்டை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. வந்த நாள் தொட்டு அவளுக்குச் சொல்ல வேணும் என்றுதான் இருந்தேன். விடுமுறைக்கு வந்த பிள்ளையை ஏன் கலங்க வைக்க வேணும், போகிற நேரம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டு வந்தேன். தட்டைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கிக்கொண்டேன். மேசைக்குக் கீழே பாதங்களைச் சீமெந்துத் தரையில் அழுத்தி, குளிர்கிறதா என்று பார்த்தேன். இடது கால் குளிர்ந்தது.

"மிச்சத்தை ஒரு தண்ணீர்த் தட்டிலை வை, பிள்ளை. எறும்பு வரும்."

மகள் மேசையைச் சுற்றிக் குனிந்து பார்த்தாள். "இஞ்சை எங்கையம்மா எறும்பு? ஒண்டையும் காணேல்லை."

"வரும்," என்றேன்.