ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தை

சங்கிலிக்குக் கொக்கி மாட்டும்போதுதான் அது விரலில் பட்டது. கழுத்தின் முன்புறம், வலப்பக்கம் தள்ளி, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. எச்சில் விழுங்கினால் அதுவும் ஏறி இறங்கியது. வலி கிடையாது. பயப்படுவதற்கு முன்னால் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. கண்ணாடி முன் நின்று பத்துத் தடவையாவது விழுங்கிப் பார்த்திருப்பேன்.

தைராய்டு (கழுத்தின் முன்பக்கச் சுரப்பி) என்றார்கள். ஊசியால் உறிஞ்சிச் சோதித்தும் சந்தேகம் தீரவில்லை. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் பாதிச் சுரப்பியை எடுத்தார்கள். புற்று இல்லை என்று முடிவு வந்தது. ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். குரல்நாண்களை (பேசும்போது ஒட்டிப் பிரியும் இரண்டு மடிப்புகள்) அசைக்கும் நரம்பு சுரப்பியை ஒட்டியே போகிறதாம். அது நலுங்கியதில் வலது நாண் அசையாமல் நின்றுவிட்டது. "மூணு மாசத்துல வரலாம், ஆறு மாசமும் ஆகலாம். வராமலும் போகலாம்மா. கொஞ்ச நாள் கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க" என்றார்.

இரும்புலியூரில் எங்கள் வீட்டில் தினமும் ஏழரைக்குக் குடும்ப ஜெபம். கல்யாணம் ஆனதிலிருந்து ஜெபிப்பது நான். ஆமென் சொல்லிப் பாயைச் சுருட்டுவது என் கணவர். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் நான் ஜெபத்தில்தான் சொல்லிவந்தேன். "ஆண்டவரே, இந்த வீட்டுத் தலைவருக்கு நேரத்தோடு வீடு திரும்பும் மனதைத் தாரும்." கண்ணை மூடியிருப்பவர்கள் எதிர்த்துப் பேச முடியாதே.

மகள் ஷைனிக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவளுக்கு அடங்கின ஆவியைக் கொடும், வந்த வரன்களைத் தட்டாத புத்தியைக் கொடும் என்று தினமும் கேட்பேன். ஒருநாள் அவள் ஆமென் சொல்லாமல் எழுந்து போனாள். அதன்பின் ஏழரை மணிக்கு அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கும். என்னோடு சாப்பாட்டுப் பேச்சு மட்டும்தான். பத்து மாதம் அப்படியே போனது. குரல் போன பிறகுதான் பயம் வந்தது. இனி இவளை எப்படித் திரும்பக் கூப்பிடுவேன்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பாயில் மூவருக்கான இடத்தில் இருவர். கணவர் சங்கீதம் ஒன்றை வாசித்தார். "ஆண்டவரே" என்று தொடங்கி, எனக்குச் சொல்ல வரலையே என்று நிறுத்திவிட்டார். பாவமாக இருந்தது. அப்போது கதவு திறந்தது. ஷைனி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆண்டவரே, அம்மாவுக்குக் குரலைக் கொடும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "வந்ததும் என்னைப் பத்தி உம்மகிட்ட சொல்றதை என்கிட்டயே சொல்லட்டும்."

ஜெபத்தில் திட்டு வாங்குவது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். பதில் சொல்லவே முடியாது. அழத்தான் முடிந்தது.

உங்களுக்கும் இப்படிக் குரல் போயிருந்தால், அவசரப்படாதீர்கள். எனக்கு ஐந்தாம் மாதம் குரல் கரகரவென்று வந்தது. முன்போல் இல்லை. ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தை; அதற்குமேல் காற்று தீர்ந்துவிடும். எந்த நாலு என்று யோசித்துத்தான் வாயைத் திறக்கிறேன். என் ஜெபமும் சுருங்கிப்போனது. அதில் யாருக்கும் புத்திமதி வைக்க இடமில்லை.

குரல் வந்த வாரம் ஒரு சாயங்காலம் ஷைனி ஆபீஸ் பையோடு உள்ளே வந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரில் போய் நின்றேன்.

"இன்னும் என்மேல கோபமா, ஷைனி?" என்றேன். மூச்சு முடிந்துவிட்டது. கேட்க இன்னும் இருந்தது. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல், நான் அடுத்த மூச்சு எடுக்கும்வரை அப்படியே நின்றாள்.