மூன்றாவது சதுரம்

என் தாடையில் மயிர் முளைக்கும். இதை எழுதுவதற்கே எனக்கு இத்தனை வருஷம் எடுத்தது. அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூலகத்தில் நீர்க்கட்டிகள் இருக்கின்றன, அதனால்தான் வருகிறது என்று டொக்டர் சொன்னார். குளிசை தந்தார். குளிசைக்கு உடம்பு பெருத்ததே தவிர, தாடை அப்படியேதான் இருந்தது.

இணுவிலில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா இல்லை. அண்ணை குடும்பத்தோடு லண்டனில். சுன்னாகத்தில் எனக்கு ஒரு அலுவலக வேலை. காலையில் புறப்படுவதற்கு முன் கிணற்றடிக்குப் போய், தகர வேலியில் சின்னக் கண்ணாடியைச் செருகிவைத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். குளியலறை வெளிச்சம் அதற்குக் காணாது. பிடுங்கிய இடம் புண்ணாகும். புண் ஆறுவதற்குள் அதே இடத்தில் அடுத்தது வந்துவிடும். பஸ்ஸில் வெயில் விழுகிற பக்கத்தில் நான் இருந்ததே இல்லை. யாராவது கிட்ட வந்து கதைத்தால் கையைத் தாடைக்கு முண்டு கொடுத்துக்கொண்டு, ஏதோ பெரிதாக யோசிக்கிறவள்போல் இருப்பேன். அலுவலகத்தில் எனக்குப் பெரிய அறிவாளி என்று பெயர்.

அழகு நிலையத்துக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் நூல் போட்டு முகத்து மயிர் எடுக்கிறவள்தான் கல்யாணப் பெண்களையும் அலங்கரித்து வெளிக்கிடுத்துகிறாள். சுற்றுவட்டாரத்தில் அவள் கால் படாத கல்யாண வீடு இல்லை. அவள் வாயில் என் தாடை விழுந்தால், எனக்குப் பேசி வருகிற ஒவ்வொரு சம்பந்தத்துக்கும் முன்னால் அது போய் நிற்கும். எனக்குக் கல்யாணத்தில் அப்படியொன்றும் அடங்காத ஆசை இல்லை. பகல் வெளிச்சத்தில் ஒரு மனிதரோடு முகத்துக்கு நேரே நின்று கதைக்கவேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது.

அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். வெளிச்சத்தால் மயிரை எடுக்கிற மெஷின் ஒன்று இருப்பதாக அவள்தான் சொன்னாள். வீட்டிலேயே பாவிக்கலாம், ஒருவருக்கும் தெரியவராது, சில மாதம் விடாமல் பாவித்தால் மயிர் வருவதே குறைந்துவிடும் என்றாள். அதைக் கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. முகத்தில் கை வைக்காமல் பஸ்ஸில் இருக்கிற என்னை நானே கற்பனை செய்து பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அடுத்த ஞாயிறு மச்சாள் வீடியோவில் வந்தாள். இரண்டு மெஷின்களின் படத்தை அனுப்பியிருந்தாள். ஒன்றில் தோலின் நிறத்தைப் பார்க்கிற கண் ஒன்று இருந்தது. தோல் அளவுக்கு மீறிக் கறுப்பென்று கண்டால் அது வெளிச்சம் அடிக்காது, பேசாமல் நின்றுவிடும். மற்றதில் அப்படி எதுவும் இல்லை. நிறத்தைப் பார்த்து நாங்களே அளவை வைக்கவேண்டும்.

"கண் வைச்சதை வாங்கினால் பயமில்லை, மாமி. கூடாதெண்டால் அதுவே நிண்டிடும்" என்றாள் மச்சாள்.

அம்மா யோசிக்கவேயில்லை. "பாத்துப்போட்டு வேண்டாமெண்டு சொல்லிப்போற ஆக்களே எங்களுக்குக் காணும், பிள்ளை. இனி மெசினும் ஒண்டு வேணுமே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன். அம்மா பகிடி விடுவது அபூர்வம். அதுவும் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய் மூச்சுக்காட்டாமல் இருந்தவர்களை வைத்து அவர் பகிடி விட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்போடு, கண் இல்லாத மெஷின்தான் என்று முடிவாகிவிட்டது.

பிறகு மச்சாள் இன்னொரு படம் அனுப்பினாள். வரிசையாக ஆறு நிறச் சதுரங்கள். முதலாவது பச்சைப்பால் நிறம். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டு போய், ஆறாவது அடுப்புக்கரி. ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் மேலே கூடாது என்று புள்ளடி போட்டிருந்தது.

"இதிலை இவ எந்த நிறம்? சரியாப் பாத்துச் சொல்லுங்கோ மாமி. எவ்வளவு வைக்கிறதெண்டு இதை வைச்சுத்தான் பாக்கவேணும்."

"மூண்டாவது" என்றார் அம்மா.

"மூண்டோ? நான் அஞ்செண்டெல்லோ நினைச்சன்."

"நீர் போனிலை பாக்கிறீர். போனிலை எல்லாரும் கறுப்பாத்தான் தெரிவினம்."

மச்சாள் மூன்றென்றே எடுத்துக்கொண்டாள். மாமியாரோடு மகளின் நிறத்தைப் பற்றி வாக்குவாதப்பட எந்த மருமகளுக்குத் துணிவு வரும்?

அம்மா அதை வேண்டுமென்று பொய்யாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சாதகம் கேட்டு வருகிறவர்கள் நட்சத்திரத்தையும் வேலையையும் கேட்ட கையோடு நிறத்தையும் கேட்பார்கள். சிவலை என்றால் அவர்கள் முகம் மலரும். கறுப்பு என்றால் சாதகம் மடித்தபடியே திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவில் பொதுநிறம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். கறுப்பான பெண் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் எல்லோரும் போய் ஒதுங்குகிற இடம் அது. பத்து வருஷத்துக்கு மேலாக அம்மா தரகர்களுக்கும் கோயிலில் விசாரிக்கிறவர்களுக்கும் வாய் கூசாமல் பொதுநிறம் என்று சொல்லிவந்தார். கேட்கிறவர்களும் அதில் ஒரு படியைத் தாங்களாகவே கழித்துக்கொள்வார்கள். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் விளங்கிய கணக்கு அது. மெஷினுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். கையை நீட்டி அந்தப் படத்தோடு வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மூன்று என்று அம்மா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

விடுமுறைக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் சொக்லேற்றுகளுக்கு அடியில் வைத்து அதைக் கொண்டுவந்து தந்தார். வெள்ளை நிறத்தில், கைக்கு அடக்கமாக, தலைமயிர் காயவைக்கிற மெஷினின் தம்பிபோல இருந்தது. அதே கிழமையில் ஒரு சம்பந்தமும் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில். தாயும் பெரியம்மாவும் ஊருக்கு வந்திருக்கிறார்கள், திரும்பிப் போவதற்கு முன் பெண்ணைப் பார்க்கவேண்டுமாம். முதலில் ஒரு மூலையில் குறைந்த அளவில் அடித்து, ஒருநாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லி மெஷினோடு வந்த தாளில் இருந்தது. அதற்கெல்லாம் நேரமில்லை என்றார் அம்மா.

சனிக்கிழமை பின்னேரம் படலையைப் பூட்டிவிட்டு அறைக்குள் போனோம். மயிரைப் பிளேடால் வழித்தேன். கண்ணுக்குக் கறுத்த கண்ணாடி போடவேண்டும். போட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே மெஷினை அம்மா தன் கையில் எடுத்தார்.

"மூண்டாவது நிறத்துக்கு நாலு வைக்கலாமெண்டு போட்டிருக்கு" என்று தாளைப் பார்த்துச் சொல்லி, நாலில் வைத்தார்.

முதல் வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டியும் சிவப்பாக அடித்தது. தாச்சியிலிருந்து கொதி எண்ணெய் தெறித்ததுபோல் இருந்தது. மயிர் பொசுங்குகிற மணம் வந்தது. "எரியுது அம்மா" என்றேன்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. முதல் தரம் அப்பிடித்தான் இருக்குமெண்டு உன்ரை மச்சாள் சொன்னவள்."

பொறுத்தேன். பொறுப்பதில் எனக்கு நல்ல பழக்கம். அம்மா ஒரு காதடியில் தொடங்கி மற்றக் காதடிவரை, ஒரு இடமும் விடாமல், கோலம் போடுகிற கவனத்தோடு அடித்துக்கொண்டு போனார். இடைக்கிடை ஊதிவிட்டார். என் முகத்தில் இவ்வளவு பொறுமையாக யாரும் கை வைத்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. எரிவுக்குள்ளும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

விடியும்போது தாடை முழுக்கக் கொப்புளம். கொப்புளம் என்றால் கண்டபடி இல்லை. மெஷினின் வாய் எப்படி நீள்சதுரமோ அப்படியே நீள்சதுரமாக, தபால் கந்தோரில் முத்திரை குத்தியதுபோல வரிசையாக. அம்மா வாசலில் நின்று பார்த்தார். பிறகு போனை எடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல், இப்போது வரவேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னார். அவர்கள் அடுத்த கிழமையே வேறொரு இடத்தில் பேசி முடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தோல் டொக்டரிடம் போனோம். என்னைவிட வயது குறைந்த பெண். மெஷினின் பெட்டியையும் கொண்டுபோயிருந்தோம். என் தாடையை லைற்றுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த நிறமெண்டு பாத்து வைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"மூண்டு" என்றார் அம்மா.

டொக்டர் என் கையைப் பிடித்து, பெட்டியில் இருந்த சதுரங்களோடு சேர்த்து வைத்தார். முதலில் மூன்றில் வைத்தார். பிறகு நாலைத் தாண்டி ஐந்துக்குக் கொண்டுபோனார். அந்த இடத்தில் கையும் சதுரமும் ஒன்றாகின.

"அம்மா, இவ அஞ்சு. அஞ்சுக்குப் பாவிக்கக்கூடாதெண்டு புள்ளடியே போட்டிருக்கு. இந்த வெளிச்சம் கறுப்பைத் தேடித்தான் போகும். மயிரின்ரை கறுப்போ தோலின்ரை கறுப்போ எண்டு அதுக்குத் தெரியாது."

"இல்லை டொக்டர்" என்றார் அம்மா. "இவள் முந்தி இந்த நிறமில்லை. உந்த மெசின் சுட்டதாலைதான் கறுத்துப்போனாள்."

டொக்டர் என் கையை இன்னும் விடவில்லை. "கையையும் சுட்டனீங்களோ?"

"அது வெயில்" என்றார் அம்மா.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மருந்து எழுதித் தந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அழுதார். தன் கையாலேயே பிள்ளையைச் சுட்டுப்போட்டேனே என்று அழுதார். அது நடிப்பில்லை, எனக்குத் தெரியும். நான்தான் அவருடைய முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு வந்தேன். இறங்குவதற்கு முன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு நல்ல நிறமாய் இருந்த பிள்ளை" என்றார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அன்றிலிருந்து கதை மாறியது. கோயிலில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒளிக்காமல் சொன்னார். வெளிநாட்டு மெஷின் ஒன்று சுட்டுவிட்டது, அதோடு பிள்ளை கறுத்துவிட்டாள். ஏன் அந்த மெஷினை வாங்கினோம் என்பதற்கு, முகம் மினுங்குவதற்கு என்றார். தாடை மயிரை மட்டும் கடைசிவரை ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றிக்கொடுத்தார். சந்தேகப்பட்டவர்களுக்கு, ஸ்டூடியோக்காரன் வெளுப்பாக்கித் தந்த படத்தைப் போனில் காட்டினார். சின்ன வயதிலிருந்து என்னைக் கண்டவர்களே "ஓம், முந்தி நல்ல நிறந்தானே" என்று தலையாட்டினார்கள். கறுப்பாகப் பிறந்தவளுக்கு ஒருவரும் பரிதாபப்பட்டதில்லை. கறுத்துப்போனவள் என்றதும் கையைப் பிடித்துக் கதைத்தார்கள்.

அண்ணையும் ஒருநாள் போன் எடுத்தார். "கவலைப்படாதை. கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழைய நிறத்துக்கு வந்திடுவாய்" என்றார். என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்த ஆள் அவர். பள்ளிக்கூட வயதில் என்னைக் கரிச்சட்டி என்று கூப்பிட்டு அப்பாவிடம் அடி வாங்கியவர். ஞாபகம் இல்லையா என்று கேட்க வாய் எடுத்தேன். பிறகு ஓம் என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதை யாரில் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

புண்கள் காய்ந்து உதிர்ந்தன. அநேகமான இடங்கள் முன்னையதைவிடக் கறுத்தன. வலது தாடையில் ஒரு துண்டு மட்டும் வேறு மாதிரி வந்தது. தீப்பெட்டியின் பாதி அளவுக்கு, வெளிறி, ஏறக்குறைய வெள்ளையாக. தோலுக்கு நிறம் தருகிற பொருள் அந்த இடத்தில் அழிந்துவிட்டது என்றார் டொக்டர். நிறம் திரும்பி வருவதற்கு ஒரு பூச்சுமருந்து தந்தார். மாதக்கணக்கில் பூசவேண்டும், விட்டுவிடக்கூடாது என்றார். அந்த வெள்ளைத் துண்டிலும் மயிர் முளைக்கத்தான் செய்தது. வெள்ளையில் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. இப்போது நான் பஸ்ஸில் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள்.

மருந்தை அம்மாதான் பூசிவிடுவார். என்னைப் பூச விடமாட்டார், தன் கையால் வந்தது தன் கையால் போகவேண்டுமாம். போன கிழமை ஒரு பின்னேரம், என்னை முன் வாசலில் கதிரையில் இருத்தி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். மருந்து விரலில் இருந்தது. பூசாமல் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மற்றக் கையின் விரலால் அதை மெல்லத் தடவினார். அவருடைய முகத்தில் நான் நெடுங்காலம் காணாத ஒரு சந்தோஷம் இருந்தது.

"பாத்தியே" என்றார். "உதுதான் உன்ரை நிறம். நான் பொய் சொல்லேல்லை."

அம்மாவுக்கு என்னில் உயிர். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அவர் உயிராக நினைக்கிற அந்தப் பிள்ளை நான்தானா என்ற சந்தேகம்தான் அன்றைக்கு வந்தது. அம்மாவிடம் கேட்டேன்.

"அப்ப மிச்ச முகம் ஆருடையது, அம்மா?"

அம்மா விரலில் இருந்த மருந்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். குழாயின் மூடியை இறுக்கித் திருகினார்.

"இனி இந்த மருந்து பூசவேண்டாம், பிள்ளை" என்றார். "பூசினால் நிறம் திரும்பி வந்திடும்."