கடைசிப் பந்தி

கர்த்தருடைய பந்தியில் நான் ஆள் பார்த்தேன்.

போதகரிடம் சொன்னதில்லை. மனைவியிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சிவகாசியை ஒட்டிய எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. ஒரு பந்திக்குப் பன்னிரண்டு பேர் முழங்காற்படியிடலாம். யார் எப்போது எழுந்து போவது என்று கை காட்டுவது என் பொறுப்பு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எண்ணாமல் இருக்க முடியாதவன்.

திராட்சரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே பாத்திரம். பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்களின் நகக்கண்ணிலும் உதட்டோரத்திலும் அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும், கழுவினாலும் போகாது. அந்த வாய் பட்ட பாத்திரத்தில் அச்சக முதலாளி வீட்டார் குடிப்பதா?... இப்படிக் கேட்டது முதலாளி அல்ல, நான்! அதனால் அந்தப் பெண்களை எப்போதும் கடைசியில் அனுப்பினேன். "கூட்டம் குறையட்டும்மா" என்பேன். பார்ப்பவர்களுக்கு அது கரிசனம்.

பிறனை நேசிப்பது பற்றி வாலிபர் கூட்டத்தில் பேசியவனும் நானே!

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில், ஒரு தீபாவளி சீசன். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு. எஸ்தர் குனிந்தபடி என்னிடம் வந்தாள்.

"வாத்தியாரையா, இன்னைக்கு மட்டும் முதல்ல போயிக்கிடட்டுமா? வேன் வந்திரும். இன்னையிலேருந்து என்னைய வெடிமருந்து அடைக்கிற ரூம்ல போட்டிருக்காக. வாங்காமப் போனா மனசு கெடந்து அடிச்சுக்கும்."

"இரும்மா, போகலாம்" என்றேன்.

முதல் பந்தியில் இரண்டு இடம் காலி. எண்ணினேன்! எண்ணியும் அனுப்பவில்லை.

மூன்றாவது பந்தி எழும்போது வேன் ஹாரன் அடித்தது. எஸ்தர் என்னை ஒருமுறை பார்த்தாள். வாசலில் செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று முழுவதும் என் காது, அவள் கம்பெனி இருக்கும் நாரணாபுரம் பக்கமே இருந்தது. கதவு சாத்தும் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். மாலையில் வேன் நிற்கும் இடத்துக்கே போய்விட்டேன். இறங்கினாள்.

"என்ன வாத்தியாரையா, இங்கன நிக்கீக?"

"சும்மாதான்."

ஸ்தோத்திரம் சொன்னேன்... அவள் பிழைத்ததற்கா? நான் தப்பித்ததற்கா? இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த மாதம் அவளை முதலில் அனுப்பியிருப்பேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை! அதே வரிசை. அதே "இரும்மா." இன்னும் எத்தனையோ மாதங்கள்...

கடைசியில் ஒரு ஞாயிறு, உறுத்தல் தாங்காமல், அவர்கள் பெஞ்சுக்கு முதலில் கை காட்டினேன். எஸ்தர் பக்கத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சட்டென்று எழுந்தாள். எஸ்தர் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, உக்காரு. என்ன பறக்க? பிரியாணிப் பந்தியா, தீந்துபோறதுக்கு? நமக்குக் கடைசிதான். அவுக போகட்டும்."

"இல்ல எஸ்தர், நீங்க வாங்க" என்றேன்.

"இருக்கட்டும் வாத்தியாரையா" என்று சிரித்தாள். "எங்களுக்கு இதே பழகிப்போச்சு."

அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை!

புதிய பெண் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். பாட்டு முடியப் போகிறது. போதகர் என்னையே பார்க்கிறார். பெஞ்சருகே போய் அவர்கள் கையைப் பிடித்து அழைத்திருக்க வேண்டும்...

முதலாளி வீட்டாரைப் பார்த்துக் கை காட்டினேன்.