ராமுத்தாயின் மிதிப்பெட்டி

தேவிகுளத்துக்குக் கீழே இருக்கிற அந்தத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிற பெண்கள் எத்தனையோ பேர் உண்டு. கிட்டார் வாசிக்கிற பெண் ஒருத்திதான். ராமுத்தாய் என்ற பெயரைக் கேட்டதும் நீங்கள் கும்மிப் பாட்டுக்காரி ஒருத்தியைக் கற்பனை செய்துகொண்டால் அதற்கு அவள் பொறுப்பல்ல. எழுபதுகளின் நடுவில் அவளுக்கு வயது இருபத்தைந்தோ இருபத்தாறோ. பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவள் என்று லயத்து வீடுகளில் பேச்சு. அவர்களில் ஒருவன், கிட்டாரை விற்றால் நாலு பவுன் நகை வாங்கலாமே என்றானாம். மற்றவன் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது.

கிட்டார் வந்தது பெரிய கதையில்லை. அவள் அப்பா சுடலை, தொரைமார் கிளப்பில் பட்லராக இருந்தவர். சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவர் தன் மின்சாரக் கிட்டாரையும், அதன் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் சுடலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்த ஆம்ப்ளிஃபயரின் கனத்தைப் பார்த்தால், தூக்கிப்போக மனமில்லாமல் விட்டுப்போனார் என்றுதான் தோன்றும். சுடலை விற்கப் பார்த்தார், வாங்க ஆளில்லை. மகள் கையில் எடுத்துக்கொண்டாள். சொல்லிக்கொடுக்க யாருமில்லை. இலங்கை வானொலி பாடும், இவள் கம்பியில் தடவித் தடவித் தேடுவாள். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கம்பியை அழுத்தினால் விரல் நுனி கன்றிப்போகும். இவளுக்கு அந்தத் தொல்லையே இல்லை. கொழுந்து கிள்ளிக் கிள்ளி அவள் விரல்கள் ஏற்கனவே காய்த்துக் கிடந்தன.

தேயிலை ஃபாக்டரியில் மேஸ்திரியாக இருந்த சங்கையா ஓர் இன்னிசைக் குழு நடத்தினார். ஆர்மோனியம் அவருடையது, மைக் அவருடையது, கோபமும் அவருடையதே. கோரஸ் பாடப் பெண்கள் வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியபோது ராமுத்தாய் கிட்டாரோடு போய் நின்றாள். ஒரு பெண் கிட்டார் வாசிப்பதைப் பார்க்கவே கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டு அவர் சேர்த்துக்கொண்டார். கூட்டம் வந்தது. பார்க்கத்தான் முடிந்தது, கேட்க முடியவில்லை. டிரம்ஸும் ஆர்மோனியமும் கிளம்பிவிட்டால் அவள் விரல்கள் ஊமைப்படம் காட்டின. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட, அந்தப் பொண்ணு சும்மா பாவனை பண்ணுது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வட்டவடையில் ஒரு கச்சேரி முடிந்து ஜீப்பில் ஏறும்போது சங்கையா போட்டு உடைத்துவிட்டார்.

"ஏத்தா, ஒன் விரல் ஆடுறது தெரியுது. சத்தத்தைத்தான் காணோம். பங்குனியில பாலக்காட்டுப் பக்கம் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டிருக்காவ. பெரிய மைதானம். அங்க கேட்டாச் சரி. கேக்கலைன்னா கிட்டாரை மூலையில சாத்திட்டுக் கோரஸ்ல நில்லு. பீர்மேட்டுல அக்கார்டியன் வாசிக்கிறவன் ஒருத்தன் நம்ம குழுவுல சேரணும்னு நடையா நடக்கான்."

"கேக்கும் அண்ணாச்சி" என்றாள் ராமுத்தாய்.

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் ஜீப் எஸ்டேட் வந்து சேர்கிறவரைக்கும் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கோரஸில் நிற்பது கேவலமில்லை. ஆனால் பகலெல்லாம் அவள் கோரஸில்தான் நிற்கிறாள். வரிசையில் ஒரு கூடை, தராசில் ஒரு எடை, கங்காணி கூப்பிடுகிற ஒரு நம்பர். கிட்டாரிலிருந்து வருவது ஒன்றுதான் இது ராமுத்தாய் என்று சொல்லக்கூடியது. அதை ஓர் அக்கார்டியன்காரனுக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மூணாறு பஜாருக்குப் போனாள். அங்கே கருத்தப்பாண்டி ரேடியோ கடை வைத்திருந்தார். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் சிவந்து எரிகிற வால்வுகளைப் பார்த்ததும் அவருக்குக் குழந்தையைப் பார்த்த சந்தோஷம். அவள் வாசிக்க வாசிக்கத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, சத்தம் பத்தலைன்னு நீ குமிழைத் திருகிக்கிட்டே போறே. சத்தம் நெறைய இருக்கு. எல்லாம் அடியில குமுகுமுன்னு கெடக்கு. டிரம்ஸ்காரனும் அங்கதான் கெடக்கான். ஒனக்கு வேண்டியது முனை."

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குப் பூஸ்டர் என்று பெயர். காலால் மிதித்தால், கம்பியிலிருந்து வருகிற மேல்ஸ்தாயியைத் தூக்கி வால்வுக்குள் தள்ளும். தள்ளுகிற வேகத்தில் வால்வும் வாய் திறக்கும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் எந்தப் பெட்டி என்பதில்தான் அந்த மாதம் முழுக்கக் கழிந்தது.

முதலில், கொச்சியிலிருந்து யாரோ ரிப்பேருக்குக் கொடுத்திருந்த ஒரு வெளிநாட்டுப் பெட்டியை மாட்டிப் பார்த்தார்கள். மிதித்ததும் பஜாரே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, இதை வச்சா நான் வாசிச்சேனா, மரமில்லு ஓடுச்சான்னு யாருக்கும் தெரியாது" என்று ராமுத்தாய் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

பிறகு கருத்தப்பாண்டியே இரண்டு பெட்டிகள் செய்தார். பிஸ்கட் டப்பாத் தகரத்தில் அடித்த உடம்பு, மேலே மிதிக்க ஒரு பொத்தான், உள்ளே ஒரு சின்ன பேட்டரி. வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்குள் சிலிக்கான் என்கிற புது ரக டிரான்சிஸ்டர். மற்றதற்குள், பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஜெர்மானியம் ரகம். ராமுத்தாய் அவர் மனைவி புஷ்பமேரியை எதிர் வரிசைத் துணிக்கடை வாசலில் நிற்கவைத்து, ஒரே பாட்டை இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றி வாசித்தாள். இரண்டும் நன்றாகக் கேட்கிறது, ஆளை விடு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று புஷ்பமேரி சொல்லிவிட்டாள்.

ஆக, காதுக்கு எது பிடிக்கிறது என்பதுதான் மிச்சம். சிலிக்கான் பெட்டி கறாரானது. எப்படித் தொட்டாலும் ஒரே அதட்டல். ஜெர்மானியம் அப்படியில்லை. மெல்லத் தொட்டால் பேசியது, அழுத்தித் தொட்டால் வால்வைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு குரலெடுத்துப் பாடியது. கம்பியை விரலால் இழுத்தபோது வந்த விம்மலில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புதுசு முரடு. ஆனா எங்க தூக்கிட்டுப் போனாலும் ஒரே மாதிரி நிக்கும்" என்றார் கருத்தப்பாண்டி. "பழசு சொகவாசி. சூடு அதுக்கு ஆகாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கான்."

"நம்மூர்ல சூடு எங்கண்ணே இருக்கு? அடுப்புக்குள்ளதான்" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். வெளியே மஞ்சுப்பனி இறங்கி எதிர் வரிசைக் கடைகள் மறைந்துபோயிருந்தன. அவள் ஜெர்மானியத்தை எடுத்துக்கொண்டு வீடு வந்தாள்.

மலையில் வாழ்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நனைந்து போகக்கூடிய எதையும் சூட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். உப்புச்சாடி அடுப்போரம், தீப்பெட்டி அடுப்புக்கு மேல், ரேடியோவுக்குக் கம்பளிச் சட்டை. இல்லாவிட்டால் ஈரம் ஏறி எல்லாம் பாழ். ராமுத்தாயும் தன் பெட்டியைப் பழைய மஃப்ளரில் சுற்றி, வால்வுகள் கனிகிறவரைக்கும் ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் வைப்பாள். விறைத்துக் கிடக்கிற பெட்டி கொஞ்சம் சூடேறினால் குரல் இன்னும் திறந்தது. ஒத்திகையில் சங்கையாவே ஒரு தடவை புருவத்தைத் தூக்கினார்.

பங்குனியில் வண்டி பிடித்து இறங்கினார்கள். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி ஒரு கிராமம். விழாக் கமிட்டியில் பெரியவர் குப்பண்ணன். தென்னந்தோப்பும் நிலக்கடலையும் பம்புசெட்டுமாக வசதியான விவசாயி. வண்டியை விட்டு இறங்கிய ராமுத்தாய்க்கு, யாரோ ஃபாக்டரி அடுப்புக் கதவைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. அறுவடை முடிந்த வயலில் மேடை. மேடைக்குத் தகரக் கூரை. நாளெல்லாம் காய்ந்த தகரம், சாயங்காலமாகியும் கீழே அனலைக் கொட்டியது.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டார்கள். ராமுத்தாய் பெட்டியை மஃப்ளரில் சுற்றி அதன் தலைமேல் வைத்தாள். ஏன் வைத்தாய் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கை தானாக வைத்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மிதித்து மீட்டினாள். பெட்டி கொறகொறவென்று இருமியது. பிறகு சத்தம் மெலிந்து, நூலாகி, நின்றுபோனது.

அவள் பேட்டரியை மாற்றினாள். வயரை மாற்றினாள். மறுபடியும் இருமல்தான். பெட்டி இல்லாமல் நேராகச் செருகிப் பார்த்தாள். அதே பழைய குமுகுமு. மைதானத்தின் பாதியைக்கூடத் தாண்டாது என்று அவளுக்கே தெரிந்தது.

சங்கையா ஆர்மோனியத்தைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "போதும்த்தா. வந்த ஊர்ல மானம் போகவேண்டாம். ஒன் பங்கை ஆர்மோனியத்துல நான் எடுத்துக்கிடுதேன். நீ கோரஸ்ல நில்லு."

"கச்சேரி ஆரம்பிக்கட்டும் அண்ணாச்சி. அப்பச் சொல்லுங்க."

"ஆரம்பிச்சப் பொறவு சொன்னா என்ன, இப்பச் சொன்னா என்ன?"

"ஆரம்பிக்கட்டும்" என்றாள் மறுபடியும். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவர் ஆர்மோனியத்தைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

பெட்டியை மடியில் வைத்துத் திறக்கப் போனவள், தொடையில் சுட்டு வெடுக்கென்று எடுத்தாள். தகரம் தோசைக்கல்லாக இருந்தது. மேலே பார்த்தாள், தகரக் கூரை. பக்கத்தில் பார்த்தாள், எரிகிற வால்வு. கையில் பார்த்தாள், கம்பளி மஃப்ளர். மூணாறு மஞ்சில் நின்று சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. இந்த வெயிலில், கம்பளி போர்த்தி, அடுப்பின்மேல் உட்காரவைத்து, சூடு ஆகாதவனைக் கொன்றது வேறு யாருமில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையோடு எழுந்தும்விட்டாள்.

குப்பண்ணன் எதிரே வந்தார். "ஏனுங்க அம்மிணி, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது? தண்ணி வேணுமுங்களா?"

"தண்ணி எனக்கில்லைங்கய்யா, இந்தப் பெட்டிக்கு. இது குளுந்தாத்தான் பாடும். ஆனா நனையவும் கூடாது."

குப்பண்ணனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் மனைவி மயிலாத்தாளுக்குப் பிடிபட்டது. வெற்றிலை போடுகிறவள் அவள்.

"இதுக்கென்ன மாமா யோசனை? வெத்தலைய வாழை மட்டைக்குள்ள வெச்சாத்தான் வாடாம இருக்குது. செத்த நேரத்துல சில்லுன்னு ஆயிருமுங்க கண்ணு. பம்புசெட்டுக்கிட்ட வாழை நிக்குது, நான் வெட்டியாறேன்" என்று கொடுவாளை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வாழைமரத்து அடித்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கூடையில் கொண்டுவந்தாள். தொட்டால் கிணற்றுத் தண்ணீர். ராமுத்தாய் ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் பிளந்து, நடுவைக் குடைந்து தொட்டில்கள் செய்தாள். வயர் செருகிய பெட்டியைப் பாலித்தீன் பையில் சுற்றி ஒன்றுக்குள் அமுக்கி, ஆம்ப்ளிஃபயரை விட்டு எட்டத் தள்ளி, மேடையின் ஓரத்தில் காற்று வருகிற இடமாக வைத்தாள். டிரம்ஸ்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்ப்பதுபோல அடிக்கடி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. இது குளிர்ந்தும் பாடாவிட்டால் இன்றோடு கிட்டார் சரி. நாளை முதல் காலையிலும் கோரஸ், மாலையிலும் கோரஸ்.

விளக்கு வைத்ததும் கூட்டம் சேர்ந்தது. மாவிளக்கு எடுத்து முடித்த பெண்கள் முன்னால், ஆண்கள் வயல் வரப்புவரைக்கும். முதல் பாட்டுக்கு முன்னால் கருவி இசை. சங்கையா ஆர்மோனியத்தில் மெட்டை எடுத்தார். கிட்டார் வராவிட்டால் தானே நடத்திக்கொண்டு போகலாம் என்று துருத்தியை நன்றாக அமுக்கியே வாசித்தார்.

ராமுத்தாய் செருப்பைக் கழற்றினாள். வாழைத் தொட்டிலுக்குள் பெருவிரலை விட்டுப் பொத்தானை அழுத்தினாள். குளிர்ந்த நீர் விரலில் பட்டது. கம்பியைத் தொட்டாள்.

வால்வு வாய் திறந்தது. அந்தக் குரல் டிரம்ஸுக்கு மேலே ஏறி, ஆர்மோனியத்துக்கு மேலே ஏறி, வயலைத் தாண்டிப் போயிற்று. வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவள் கம்பியை இழுத்தாள். மூணாறில் கேட்ட அதே விம்மல், இங்கே இன்னும் கனமாக வந்தது. முன்வரிசையில் மயிலாத்தாள் பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாக, "நம்மூட்டு வாழையாக்கும்" என்றாள்.

சங்கையா கொஞ்ச நேரம் கூடவே வாசித்துப் பார்த்தார். பிறகு துருத்தியை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அந்த மனிதர் யாருக்காகவும் ஆர்மோனியத்தை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. ராமுத்தாயும் பார்க்கவில்லை, அவள் கவனம் கால்விரலில் இருந்தது. தனியாக வாசித்து முடித்தாள். வரப்புப் பக்கமிருந்து விசில் வந்தது, இன்னொன்று வேண்டும் என்று குரல் வந்தது.

சங்கையா அவள் பக்கம் சாய்ந்தார். "அடுத்து என்ன வாசிக்கே?"

"பொறுங்க அண்ணாச்சி. தண்டு சூடேறிட்டு. மாத்திட்டு வாசிக்கேன்."

கிட்டார் தோளில் தொங்கியதால் அவளால் சட்டென்று குனிய முடியவில்லை. சங்கையா கூடையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சில்க் ஜிப்பாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குடைந்து வைத்த புது வாழைத் துண்டு ஒன்றை எடுத்துவந்தார். மேடையில் அத்தனை பேர் பார்க்க அவள் காலடியில் குந்தி உட்கார்ந்து, பழைய தண்டை எடுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியைப் புதியதில் வைத்தார்.

"காலை வையி. சரியா இருக்கா பாரு" என்றார்.