யன்னலைப் பார்த்த கதிரை

இது நடந்தது. அருமைநாதனுக்கு நடந்தது. அவர் பொய்யே சொல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. தன் வயதையும் நிறையையும் தாராளமாகக் குறைத்துச் சொல்லுவார். ஆனால் இந்தச் சம்பவத்தில் அவர் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு பனிக்குள் ஓடுகிறார். கதை கட்டுகிறவர் தன்னை இவ்வளவு கேவலமாக ஓடவிடமாட்டார்.

2006 நவம்பர். மனைவி இறந்து மூன்று வருடமாகியிருந்தது. ஒரே மகள் ஜென்சி ரொறன்ரோவில். மொன்றியலில், பியர்பொன்ட்ஸ் பக்கம் ஒரு நிலவறை அறைக்குள், மைக்ரோவேவோடு அருமைநாதனின் குடித்தனம். அந்த வீட்டில் அவரைப் பார்த்து 'பீப்' என்றாவது சொல்லுவது அது ஒன்றுதான்.

அப்போதுதான் கோயிலில் ஒருவர் இந்த வேலையைச் சொன்னார். பற்றிக் என்றொரு கியூபெக்காரர். ஓய்வுபெற்றவர். ஸ்பெயினில் அலிகாந்தேக் கடற்கரையில் வீடு வாங்கி, குளிர்காலம் முழுவதும் மனைவியோடு அங்கேதான். பியர்பொன்ட்ஸுக்குப் பக்கத்துத் தீவான இல்-பிசாரில் இருக்கும் அவர்களுடைய பழைய வீடு பூட்டிக் கிடக்கும். சூடாக்கி நின்றுபோனால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை ஒருவர் உள்ளே போய்ப் பார்த்து, திகதி, நேரம், வெப்பநிலை எல்லாவற்றையும் கொப்பியில் எழுத வேண்டும். இதில் பற்றிக் மகா கண்டிப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து தொலைபேசி எடுப்பார். ஆங்கிலத்தில்தான் பேச்சு. தெருமரங்களில் தோடம்பழம், அதுதான் ஒரேஞ், காய்க்கிறதாம், ஆனால் ஜனவரியில் வீட்டுக்குள் கால் வைக்க முடியாத குளிராம். பக்கத்து வீடுகளில் ஆங்கிலேயரும் பெல்ஜியரும், நீச்சல் குளத்துக்காக மாதம் ஒரு சண்டை. "வீடு வாங்குவது ஏழு நாள், ஒரு கிழமை வேலை என்றார்கள். வெளிநாட்டவர் இலக்கம், வங்கி, பத்திரம் என்று ஆறு கிழமை இழுத்தடித்துவிட்டார்கள்" என்பார். அந்த இடத்தில் மட்டும் அவருடைய குரல் ஒருமாதிரி நின்றுவிடும்.

வெள்ளைக்காரர் கடல் தாண்டிக் குடியேறினால் மரியாதையான பெயர் ஒன்று இருக்கிறது. அருமைநாதன் தாண்டியபோது கிடைத்த பெயர் அகதி. கடல் என்னவோ இரண்டும் உப்புத்தான் என்று நினைத்துக்கொள்வார்.

முதல் நாள் எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே வெப்பநிலை பன்னிரண்டு பாகை. கதவைச் சாத்தும்போது, பழக்கதோஷம், வெறும் வீட்டைப் பார்த்துச் சொன்னார்:

"போயிட்டு வாறன்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். எங்கள் ஆட்கள் ஒரு வாசலில் நின்று 'போறன்' என்று சொல்லுவதில்லை. திரும்பி வராதவர்தான் அப்படிப் போவார்.

மூன்றாம் நாள் போனபோது, சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்த நான்கு கதிரைகளில் ஒன்று முன் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. தெருவைப் பார்த்தபடி. தான்தான் இழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று திருப்பி வைத்தார்.

அடுத்த முறையும் யன்னலருகே இருந்தது.

டிசம்பரில் யன்னல் கண்ணாடியின் உட்பக்கம் உறைபனி பிடித்தது. முழுக்க வெள்ளை. நடுவில் மட்டும் ஒரு வட்டம், சிறு தட்டு அளவில், தெளிவாக இருந்தது. கதிரையில் இருப்பவருடைய முகம் வரும் உயரம். யாரோ கிட்டே இருந்து மூச்சு விட்டதுபோல...

இனி வேறு யாராக இருந்தாலும் வேலையை விட்டிருப்பார்கள். அருமைநாதன் விடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டுக்குப் போவது அவருக்குப் பிடித்திருந்தது. கதிரையைத் திருப்பி வைப்பதையும் விட்டுவிட்டார். கொப்பியில் எழுதிக்கொண்டே ஊரில் நடந்த புதினம், முழங்கால் வலி எல்லாம் சொல்லுவார். ஒருநாள் ஜென்சி கைத்தொலைபேசியில் கேட்டாள்:

"அப்பா, ஆரோட கதைக்கிறியள்?"

"ஒருத்தருமில்லை பிள்ளை. வீட்டோட."

"நல்லாத்தான் இருக்கு. என்ர பிள்ளை பிறக்கேக்க இஞ்ச வந்திடுங்கோ. பேந்து அங்க தனிய இருக்க வேண்டாம்."

"ஓம். வாறன்."

2007 பெப்ரவரி 8, வியாழக்கிழமை. ஜென்சியை மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இரவு ஒன்பதரைக்கு ரொறன்ரோ பஸ். அதற்குமுன் கடைசித் தடவையாக வீட்டைப் பார்த்துவிட்டு, சாவியை வெளியே தபால்பெட்டியில் போட வேண்டும். சனிக்கிழமையிலிருந்து வேறொரு ஆளைப் பற்றிக் ஏற்பாடு செய்திருந்தார். வெளியே மைனஸ் இருபத்தாறு. தெருமுனையில் ஆறு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒரு மணித்தியாலம் கழித்து.

மாலை 5:31. உள்ளே போய்ச் சப்பாத்தைக் கழற்றினார். இருட்டிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு பாகை. எழுதினார்.

யன்னல் வட்டம் அன்று ஈரமாக இருந்தது. ஒரு துளி வழிந்துகொண்டிருந்தது.

5:44. ஒரு சப்பாத்தைப் போட்டார். மற்றதைக் கையில் எடுத்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நான் இனி வரமாட்டன். மகளிட்டப் போறன்... போறன் என்ன."

கைபிடியைத் திருப்பினார்.

கதவு திறக்கவில்லை.

குளிருக்கு இறுகியிருக்கும். பலங்கொண்ட மட்டும் இழுத்தார். அசையவில்லை.

5:47. பின்னால் ஒரு சத்தம்.

கிரீச்...

கதிரைக்கால் மரத்தரையில் இழுபடும் சத்தம். நின்றது.

கிரீச்...

கொஞ்சம் கிட்டே.

அவர் திரும்பவில்லை.

கிரீச்.

பிடரியில் மூச்சு. சூடில்லை. குளிர்.

5:49. கதவைப் பார்த்தபடியே சொன்னார்:

"சரி... சரி அம்மா..."

"போயிட்டு வாறன்."

டக்.

கதவு தானாகவே திறந்தது.

ஓடினார். கதவு பின்னால் சாத்திப் பூட்டிக்கொண்ட சத்தம் தெருவரை கேட்டது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் மற்றச் சப்பாத்து கையில் இருப்பது தெரிந்தது. சாவியும் கையிலேயே இருந்தது.

பேரன் மறுநாள் 11:20க்குப் பிறந்தான். அருமைநாதன் அவனைத் தூக்கினார், அழுதார், அந்த வீட்டில் நடந்ததெல்லாம் குளிரின் வேலை என்று தன்னையே நம்பவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பற்றிக் தொலைபேசி எடுத்தார்.

"புதிய ஆள் தன்னிடமிருந்த சாவியால் நேற்றுத் திறந்திருக்கிறான். கதவு தள்ளுப்படவில்லையாம். உள்ளே ஒரு கதிரை, கதவோடு ஒட்டி. ஏன் அங்கே வைத்தாய்?"

கதவை ஒட்டி உள்ளே கதிரையை வைத்துவிட்டு ஒரு மனிதர் எப்படி வெளியே வருவது?

"யன்னலுக்குப் பக்கத்தில் நின்ற கதிரையா?" என்று மெதுவாகக் கேட்டார் பற்றிக்.

"ஓம்... யெஸ்."

கடல் இரைச்சலுக்கு மேலாகப் பற்றிக் சொன்னார்:

"அது என் அம்மாவின் கதிரை. ஸ்பெயினில் இந்த வீட்டை வாங்க நாங்கள் வந்தபோது அவர் அங்கே இல்-பிசாரில் தனியாக இருந்தார். ஒரு கிழமையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஆறு கிழமையாகிவிட்டது. சூடாக்கி நின்றுபோயிருந்தது. தெருவைப் பார்த்தபடி, அந்தக் கதிரையிலேதான் கண்டெடுத்தார்கள்."

பற்றிக் மூக்கை உறிஞ்சினார். அருமைநாதன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார். சாவி இருந்தது. பனிக்கட்டிபோலச் சில்லிட்டிருந்தது.

அன்று பின்னேரம் ஜென்சி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நான் ஒருக்கா மொன்றியலுக்குப் போக வேணும். வாறன் எண்டு சொல்லிட்டு வந்தனான்."

"இப்பதானே வந்தனீங்கள். அங்க ஆர் அப்பா இருக்கினம்?"

அருமைநாதன் திரும்பிப் பார்த்தார். அவருடைய கதிரை, அவள் தலைக்கு மேலே இருந்த யன்னலை நோக்கித் திரும்பியிருந்தது. அதைத் திருப்பியது அவரில்லை.