பிரியாணிக்கு மசியாத அம்சா

அம்சாவுக்கு மீன் பிடிக்க வலையும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். முழங்கால் தண்ணீரில் குனிந்து கோரை வேரடியில் கையை விட்டால் கெளுத்தியோ நண்டோ அகப்பட்டுவிடும். திருவாமாத்தூர்ப் பக்கத்து இருளர் குடியிருப்பில் பாதி நாள் குழம்பு அப்படித்தான் கொதித்தது. ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். அதே ஊர்க்காரர்கள், மூலத்துக்கு நத்தைக்கறி கேட்டு, ஆள் பார்க்காத நேரமாகக் குண்டானோடு வந்து நிற்பதும் உண்டு.

2002இல் மணல் காண்டிராக்டர் தெய்வசிகாமணி அந்த ஆற்றில் குவாரி எடுத்தார். மூன்றடி தோண்ட அனுமதி. அவருடைய பொக்லைனுக்கு அடிக்கணக்கு தெரியாது போலும். பனைமரம் மூழ்கும் ஆழத்துக்குப் போனது. கோரை கருகியது. நண்டு வளை இருந்த இடமெல்லாம் லாரித் தடம்.

குடியிருப்பில் முணுமுணுப்பு எழுந்ததும் தெய்வசிகாமணிக்குக் கருணை பொங்கிவிட்டது. கருத்துக் கேட்பதாக அதிகாரிகள் சாமியானா போட்ட அன்று வேன் நிறையப் பிரியாணிப் பொட்டலம் வந்திறங்கியது.

"எலியும் நத்தையும் துன்னுக்கினு இருந்தவங்களுக்குக் கோழி போட்டுக்கீறேன். இன்னும் இன்னா கொறை?" என்று மைக்கில் கேட்டார். அதிகாரிகள் சிரித்தார்கள்.

அம்சா எழுந்தாள்.

"எங்க ஆத்துல நாங்களே புடிச்சித் துன்னோம். எவனுக்கும் கும்புடு போடல. நீ ஒருவேள சோத்தப் போட்டுட்டு ஆத்தையே முழுங்கிக்கினு கீற. எலி வயிறு ரொம்பச் சின்னதுய்யா."

எதிர்ப்பு ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு அதிகாரிகள் ஜீப் ஏறினார்கள். அவர்களுக்குக் காதில் விழவில்லையாம்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. பள்ளமெல்லாம் நிரம்பி ஆறு ஒரே மட்டமாகத் தெரிந்தது. அம்சாவின் கணவன் விருத்தாசலம் சின்ன வயதிலிருந்து இறங்கிய துறையில்தான் காலை வைத்தான். அடியில் தரை இல்லை. மறுநாள் பிணமாக மிதந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்றது போலீஸ். அவன் சாராயத்தைத் தொட்டதே கிடையாது.

தெய்வசிகாமணி ஆளுயர மாலையோடு வந்தார். அம்சா வழியை மறித்து நின்றாள்.

"பள்ளத்த மூட மண்ணு எடுத்தாந்தா உள்ள வா. பூவத் தூக்கிக்கினு போ."

காரியம் முடிந்ததும், பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளையும் மற்ற பெண்களையும் கூட்டிக்கொண்டு லாரித் தடத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கேயே அடுப்பு மூட்டினார்கள், அங்கேயே படுத்தார்கள். போலீஸ் அடுப்பை உதைத்தது. வழிமறித்ததாக வழக்கும் போட்டது. விழுப்புரம் கோர்ட்டுக்கு அம்சா வருஷக்கணக்கில் நடந்தாள். ஆனாலும் குவாரி மூடப்பட்டது. மனம் திருந்தி அல்ல. லாரி முடங்கியதும் தெய்வசிகாமணியின் கூட்டாளிகள் நைசாகக் கழன்றுகொண்டார்கள்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. அதே கரையில் போர் போட்டுத் தண்ணீரைக் கேனில் அடைத்து விற்றார். கேன்மேல் ஓடுகிற ஆற்றின் படம் வேறு.

ஆற்றுக்கு நண்டும் மீனும் திரும்பவில்லை. அம்சா பெண்களோடு திண்டிவனத்தில் பஸ் மாறி, மரக்காணம் பக்கத்துச் சதுப்பு ஏரியான கழுவெளிக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் கோலால் தரையைத் தட்டித் தட்டி இறங்கினாள். கையில் முதல் நண்டு சிக்கியபோது அழுதுவிட்டாள்.

திரும்பும்போது கண்டக்டர் கூடையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"நாத்தம் தாங்கல, எறங்கும்மா."

"உயிரோட கீற தண்ணி இப்டித்தான் நாறும்" என்று சொல்லிவிட்டு, கூடையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள் அம்சா.