ஸ்பானர் சொன்ன 'வர்றேன்'

ஸ்பானர்னு அவளுக்குப் பேர் வெச்சது கூடப் படிச்ச பசங்க. அப்பாவோட மெக்கானிக் ஷெட்டுலயே வளர்ந்த பொண்ணு. வயசு பதினாறு, வாய் மட்டும் அறுபது வயசுக்கு இருக்கும்.

அந்நியப் பட்டாளம் வந்து ஊரைப் பிடிச்சப்போ அப்பா ஆத்துக்கு அந்தப் பக்கம் நம்ம படையோட இருந்தார். ஷெட்டுல இவதான். லாரி ரிப்பேர் பார்க்கச் சொல்லி மிரட்டினானுங்க. பார்த்தா பாருங்க ஒரு வேலை! ஷெட்டுல ஸ்டார்ட் பண்ணினா ஜம்முனு ஓடும். மேட்டு ரோட்டுல பாதி ஏறினதும் படுத்துக்கும். நாலஞ்சு லாரி அப்படிப் படுத்த பிறகுதான் அவனுங்க மண்டையில உறைச்சுது. அதுக்குள்ள இவ கம்பி நீட்டிட்டா.

ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல பூட்டிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரியில ஒளிஞ்சா. கூட அவ கிளாஸ்மேட் சோடாபுட்டி, கண்ணாடியைக் கழட்டினா சுவத்துல முட்டிக்கிற பய. அப்புறம் அவன் தங்கச்சி. கொஞ்சம் வளர்ந்த பசங்க யார் கண்ணுல பட்டாலும் பதுங்குகுழி வெட்ட அள்ளிட்டுப் போயிட்டிருந்த நேரம் அது. பாலத்தைத் தாண்டிட்டா நம்ம ஆளுங்க. அங்கே கிடந்த ஓட்டை லோடு ஆட்டோவுக்கு ஸ்பானர் எப்படியோ உயிர் கொடுத்துட்டா. ஆனா பாலத்து வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறவனுங்க ஜீப்பை எடுத்துக்கிட்டு அசைஞ்சாத்தானே?

அன்னிக்கு மத்தியானம் போன் அடிச்சது. அம்மா.

"கண்ணு, எங்கேம்மா இருக்கே? வீட்டுக்கு வந்துடு தங்கம். ஒண்ணும் செய்ய மாட்டாங்களாம்."

ஸ்பானர் உஷாராயிட்டா. பொறந்ததுலேருந்து எருமை, கழுதைன்னு தவிர வேற மாதிரிக் கூப்பிட்டு அறியாத அம்மா அவ. கண்ணாம், தங்கமாம்! பக்கத்துல எவனோ நிக்கிறான்.

நின்னுட்டுத்தான் இருந்தான். "பெண்ணே, நீ வருகிறாயா?"ன்னு ஒரு குரல் குறுக்கே வந்துது. நம்ம பாஷையைப் புஸ்தகத்துல படிச்ச அதிகாரி. ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருந்துது பேச்சு.

ஸ்பானர் ஷட்டர் இடுக்கு வழியா பாலத்தைப் பார்த்தா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "சரிம்மா, அப்ப நான் வர்றேன்"னா.

கிளம்பும்போது நம்மள்ல எவளாவது 'போறேன்'னு சொல்லுவாளா? வாயைக் கழுவுன்னு திட்டு விழும். விடைபெறதுக்கே 'வர்றேன்'தான். அதெல்லாம் அந்தாள் புஸ்தகத்துல எங்கே இருக்கப் போகுது!

"உறுதியாக வருகிறாயா?"

"சத்தியமா வர்றேன் சார். பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் இருக்கேன்."

அம்மா, "சரிடி... பத்திரமா வா"ன்னா. அவளுக்குப் புரிஞ்சிடுச்சு. போனை வெச்சதும் ஸ்பானர் ஓன்னு அழுதா. அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ், அவனுங்களுக்கும் கட்டுப் போட ஆள் வேணும், கை வைக்க மாட்டானுங்கன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டா. நம்பிக்கை வரலை. மூக்கைத் துடைச்சுட்டு ஆட்டோவுல ஏறினா.

பாலத்துல வயர்லெஸ் கரகரன்னுது. பஸ் ஸ்டாண்டையும் அவ வீட்டையும் வளைக்க ஆள் வேணுமே! ரோட்டை மறிக்கிற கட்டையை இறக்கிப் போட்டுட்டு அத்தனை பேரும் ஜீப்புல பறந்தானுங்க. ஜீப் தெரு திரும்பினதும் ஷட்டரைத் தூக்கினாங்க. சோடாபுட்டி ஓடிப்போய்க் கட்டையைத் தூக்கிப் பிடிச்சான். ஆட்டோ புகையைக் கக்கிட்டு, இருமிட்டு, ஒரு வழியா அந்தக் கரை சேர்ந்துது.

நம்ம ஆளுங்க தண்ணி கொடுத்தாங்க. ஸ்பானர் குடிச்ச கையோட, "இங்கே ஓடாம நிக்கிற லாரி எது?"ன்னு கேட்டா. மூணைக் காட்டினாங்க. முதல் லாரிக்கு அடியில போய்ப் படுத்துட்டா.

சோடாபுட்டிக்கு இன்னும் சிரிப்பு அடங்கலை. "உங்க வீட்டு வாசல்லயே காத்துட்டு நிப்பான்டி அந்த மண்டு. வர்றேன்னா என்ன அர்த்தம்னுகூடத் தெரியலை பாரு."

"அர்த்தமெல்லாம் சரியாத்தான்டா புரிஞ்சுக்கிட்டான்"னு லாரிக்கு அடியிலேருந்து குரல் வந்துது. "என்னிக்குன்னுதான் கேக்கலை."